அச்சகத்தில் தங்கிய அசல்: கோவில்பட்டி ஓவியர்களும் சிவகாசி நாட்காட்டியும் மூலஓவியத்தின் உடைமையும்

ஆய்வுச்சுருக்கம்

அதற்குமுன் ஓவியம் வாங்கியறியாத குடும்பங்களிடம் புதிய ஓவியர்களின் ஆக்கத்தைக் கொண்டுசேர்க்கும் முயற்சி, தமிழகத்தில் காட்சிக்கூடங்களுக்கு முன்பே கரிசல் நிலத்து அச்சகங்களில் நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் கோவில்பட்டியில் வரைந்த படங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக்கி நாடெங்கும் பரப்பின. அப்பரவலில் ஓவியர் பெற்றது எது, இழந்தது எது, மூலஓவியம் யாருடைய உடைமையாயிற்று, பதிப்புரிமைச் சட்டம் அதில் எவ்வாறு தலையிட்டது என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிவகாசி, கோவில்பட்டி, கொண்டையராஜு, நாட்காட்டி ஓவியம், கல்லச்சு, மூலஓவியம், பதிப்புரிமை, சோழமண்டலம்

முன்னுரை

ஓவியம் வாங்குதல் தமிழ்நாட்டில் நெடுங்காலம் அரண்மனைக்கும் மடத்துக்கும் செல்வர் மாளிகைக்கும் உரிய செயலாகவே இருந்துவந்தது. தஞ்சாவூர்ப் பாணியில் பலகைப்படம் செய்யச் சொன்னவரும், 19ஆம் நூற்றாண்டில் எண்ணெய் வண்ணத்தில் தம் உருவத்தை எழுதுவித்துக்கொண்ட ஜமீன்தாரும் ஓவியரை நேரில் அறிந்தவர்கள். கூலி பேசி, வேலையைப் பார்த்து, குறை சொல்லித் திருத்தி வாங்கியவர்கள். இவ்வட்டத்துக்கு வெளியே இருந்த பெரும்பான்மை மக்களுக்கு ஓவியம் கோயில் விதானத்திலோ தேர்ச்சீலையிலோ பார்க்கக் கிடைத்ததேயன்றி வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய பொருளாக இல்லை. அவ்வாறு கொண்டுவரத்தக்க பொருளாக அது மாறிய வரலாற்றில் இன்றைய விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசிக்கும், அதன் தெற்கே அண்மையிலுள்ள கோவில்பட்டிக்கும் தனி இடமுண்டு.

இவ்வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையும் அருங்காட்சியகங்களையும் சார்ந்தவர்கள். ஸ்டீபன் இங்லிஸ் 1995இல் வெளியான கட்டுரையொன்றில் கொண்டையராஜுவை நவீன காலத்தின் ஆசானாக முன்வைத்தார். கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட நூல் நாட்காட்டி ஓவியத்தின் பொருளாதாரத்தை விரிவாக ஆராய்ந்தது. எச். டேனியல் ஸ்மித் திரட்டிய தெய்வப்படங்கள் அமெரிக்காவில் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இவ்வாய்வுகளின் கவனம் படத்தின் பொருண்மையிலும் வழிபாட்டிலும் வணிகத்திலும் பெரிதும் நிலைத்தது. அச்சிட்டு முடித்தபின் மூலஓவியம் என்ன ஆயிற்று என்னும் வினா போதிய அளவில் தனித்து எழுப்பப்படவில்லை. நாட்காட்டி ஓவியத்தின் அசல்களைத் தேடி வாங்கும் புதிய சேகரிப்பாளர்கள் தோன்றியுள்ள இக்காலத்தில் அவ்வினா ஓவியர் குடும்பங்களின் உரிமையைத் தொடும் வினாவாகவும் ஆகிவிட்டது.

ரவி வர்மாவின் முன்மாதிரி

அசல் ஒன்று, படிகள் பல என்னும் வழியை இந்தியாவில் பெரிய அளவில் திறந்தவர் ராஜா ரவி வர்மா (1848–1906). திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவ ராவ், ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சுப்படிகள் எடுக்குமாறு அவருக்கு எழுதியது பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. ஒரே ஓவியரால் ஊரெங்கும் எழுந்த வேண்டுகோளை நிறைவேற்ற இயலாது என்பதே அவ்வறிவுரைக்குக் காரணம். ரவி வர்மா 1894இல் பம்பாயில் தமக்கென ஓர் அச்சகத்தை நிறுவினார். ஜெர்மானியத் தொழில்நுட்பரின் துணையோடு இயங்கிய அவ்வச்சகம் கடன்சுமையால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியரின் கைக்கு மாறியது. அதனுடன் படங்களை அச்சிடும் உரிமையும் போயிற்று.

இம்முன்மாதிரியில் இரண்டு கூறுகள் நோக்கத்தக்கவை. ரவி வர்மாவின் மூலஓவியங்கள் பெரும்பாலும் அரசர்களின் பொறுப்பில் இருந்தன. அச்சுக்குப் போவதற்கு முன்பே அவற்றுக்கு உடையவரும் காப்பவரும் இருந்தனர். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்கீழ் 1979இல் அவருடைய ஓவியங்கள் தேசியக் கலைக்கருவூலங்களாக அறிவிக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுக்கப்பட்டன. மற்றொன்று, அச்சகம் தொடக்கத்திலேனும் ஓவியருடையதாக இருந்தது. சிவகாசியில் இவ்விரண்டும் இல்லை. அங்கு மூலஓவியம் அச்சிடுவதற்காகவே பிறந்தது; அச்சகம் வணிகருடையது.

தீப்பெட்டிச் சீட்டிலிருந்து நாட்காட்டிக்கு

மழை குறைந்த, வேளாண்மைக்கு நம்பத்தகாத சிவகாசி வட்டாரத்திலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். திரும்பிவந்து 1923இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். விருதுபட்டி என்னும் ஊர் விருதுநகர் எனப் பெயர்மாற்றம் பெற்றதும் அதே 1923இல்தான். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். பின்னர் வந்த பட்டாசுக்கும் மேலுறை வேண்டும். எழுத்தறியாதவரும் சேவலையோ அணிலையோ மயிலையோ காட்டிக் கேட்டு வாங்கினர். ஆகவே படமே சரக்கின் பெயராயிற்று. இத்தேவைக்காகக் கல்லச்சுக்கூடங்கள் சிவகாசியில் பெருகின. ஈரப்பதம் குறைந்த வானிலை மருந்து உலர்த்தவும் தாள் சுருங்காமல் நிறத்தின்மேல் நிறம் பொருந்தவும் துணைசெய்தது.

தீப்பெட்டிப் படங்களைச் சிறுவர் சேர்த்துவைத்து ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்ட வழக்கத்தைத் தென்மாவட்டங்களில் வளர்ந்த முந்தைய தலைமுறையினர் நன்கறிவர். கலைச் சேகரிப்பு பற்றிய நூல்களில் இச்சிறுவர்களுக்கு இடமில்லை. ஆயினும் இரட்டைப்படியைக் கொடுத்து இல்லாததை வாங்குதல், கிழியாததைத் தேர்தல், அரியதைப் போற்றுதல் ஆகிய சேகரிப்பாளரின் பழக்கங்கள் அனைத்தும் அவர்களிடம் இருந்தன. காசு மட்டும் இல்லை.

சீட்டு அச்சிட்ட கல்லிலேயே தெய்வப்படமும் அச்சிடலாம் என்று கண்டபோது நாட்காட்டித் தொழில் பிறந்தது. தீபாவளிப் பட்டாசுபோல் அதுவும் ஆண்டுக்கொரு முறை திரும்பவரும் தேவை. ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்கான மாதிரிப் படங்களைத் தொகுத்த ‘ஆல்பம்’ வெளியிடும் வழக்கம் சிவகாசியில் இன்றும் உண்டு. அதனைச் சுமந்து முகவர்கள் ஊரூராகச் சென்று மளிகைக் கடை, நகைக் கடை, துணிக்கடை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் ஆணை பெறுகின்றனர். விருதுநகர்ச் சந்தையை நடுவாகக் கொண்டு வளர்ந்திருந்த வணிகத் தொடர்புகள் இப்பரவலுக்கு முன்பே பாதை போட்டிருந்தன.

கோவில்பட்டிப் பட்டறை

சி. கொண்டையராஜு 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் பயின்றார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளிக்கு 1929இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி முதல்வராக வருவதற்கு முன்பே அவர் வெளியேறியிருந்தார். இவ்விடைவெளி சிறிதாயினும் அதன் விளைவு பெரிது. ராய் சௌதுரியின் மாணவர் தலைமுறையே பின்னர்த் தமிழகத்தில் ‘நவீன ஓவியம்’ என்று அறியப்பட்டதன் வேராக அமைந்தது. அதற்கு முந்தைய தலைமுறை கற்றது மேலைநாட்டு முப்பரிமாண வரைவும் கைத்தொழில் ஒழுங்கும். அவற்றைக் கொண்டு பிழைக்க வேண்டியவர் உருவப்படம் எழுதினார் அல்லது நாடகத் திரை எழுதினார். கொண்டையராஜு சிலகாலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் தங்கினார். பின்னர் நாடகக் குழுவொன்றில் காட்சித்திரை ஓவியராகச் சேர்ந்தார். அக்குழு 1940களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்தபோது ஓவியர் அவ்வூரிலேயே தங்கிவிட்டார்.

நாடகக் கொட்டகையின் பயிற்சியை அவருடைய நாட்காட்டிப் படங்களில் தெளிவாகக் காணலாம். பின்னணியில் மலை, ஏரி, மாடத் தூண்கள், மடித்துத் தொங்கும் திரை. முன்னணியில் பார்ப்போரை நேர்நோக்கி நிற்கும் தெய்வம். விளக்கொளி மேலிருந்து முகத்தில் விழும். காட்சித்திரை எழுதுபவருக்குக் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் படம் தெரிய வேண்டும் என்பதே முதல் விதி. சுவரில் மேலே மாட்டப்படும் நாட்காட்டிக்கும் அதே விதி பொருந்தியது.

நாடகக் காலத்திலேயே அவரிடம் தொழில்கற்ற இளைஞர்கள் கோவில்பட்டியிலும் உடனிருந்தனர். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம், செண்பகராமன் ஆகியோர் அவ்வழியில் அறியப்பட்டோர். ‘சி. கொண்டையராஜு – டி. எஸ். சுப்பையா’ என இரு பெயர்களும் இணைந்து பொறிக்கப்பட்ட படங்கள் பல கிடைக்கின்றன. ஆசான் தம் பெயரின் அருகே மாணவர் பெயரையும் எழுத இசைந்தது அக்காலப் பட்டறை வழக்கத்தில் எளிதில் காணக்கூடியதன்று. தனிப்பெயரில் அறியப்படாத இளைஞரின் கைவண்ணம் ஆசானின் பெயரோடு சேர்ந்து அச்சகத்துக்குள் நுழைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவ்விளைஞர் தம் பெயரிலேயே படம் எழுதினார். புதிய ஓவியரைச் சந்தைக்கு அறிமுகப்படுத்தும் வேலையை இன்று காட்சிக்கூட உரிமையாளர் செய்கிறார். அன்று கோவில்பட்டியில் அதை ஆசானின் கையொப்பமே செய்தது.

மூலஓவியம் பெரும்பாலும் தாளிலோ அட்டையிலோ ஒளிபுகா நீர்வண்ணத்தில் எழுதப்பட்டது. கல்லச்சுக் காலத்தில் அச்சகத்து வரைஞர்கள் அதனைக் கண்ணால் நிறம்பிரித்து, எத்தனை நிறமோ அத்தனை பரப்புகளில் புள்ளிபுள்ளியாகக் கையால் படியெடுத்தனர். ஆகவே வாங்குபவர் கையில் சேர்ந்த படம் கோவில்பட்டி ஓவியரின் வரைவு மட்டுமன்று. பெயர் குறிக்கப்படாத சிவகாசி வரைஞர் ஒருவரின் மறுவரைவும் ஆகும். ஒளிப்படக் கருவியும் ஆப்செட் இயந்திரமும் வந்தபின் அவ்விடைக்கை மறைந்தது. அதற்குப் பதிலாக அசலின்மீதே திருத்தம் செய்யும் வழக்கம் வளர்ந்தது. ஒரு படத்தின் முகத்தை மற்றொன்றில் ஒட்டுதல், பின்னணியை மாற்றுதல், நகையைக் கூட்டுதல் ஆகியன நாட்காட்டித் தொழிலில் இயல்பானவை. இத்தகைய அசல்களில் வெட்டு ஓரக் குறிகளும் ஒட்டுத்தாளும் மேல்பூச்சும் காணப்படுவதை அழிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவை வேலைநிலத்தின் தழும்புகள். ஆனால் இன்று ‘தூய அசல்’ தேடும் சேகரிப்பாளர் அவற்றைக் குறையாகவே மதிப்பிடுகிறார்.

வாங்கியவர் யார்?

நாட்காட்டியை விலைகொடுத்து வாங்கியவர் வணிகர். அதனை வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவருடைய வாடிக்கையாளர். படத்தைத் தேர்ந்தெடுத்தவர் இவ்விருவருமன்றி மூன்றாமவரும் ஆவார். எந்தப் படத்தை அச்சிடுவது என்று முன்கூட்டியே முடிவுசெய்த அச்சக உரிமையாளர் அவர். இம்மூன்று படிகளில் குடும்பத்தின் விருப்பத்துக்கு இடமில்லை என்று தோன்றலாம். உண்மை அவ்வாறன்று. ஆண்டு முடிந்து நாள்தாள் தீர்ந்தபின் வீட்டில் நிகழ்ந்ததே இறுதித் தேர்வு. பல கடைகளிலிருந்து வந்த நாட்காட்டிகளில் ஒன்றிரண்டு மட்டும் கத்தரிக்கப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் சென்றன. ஏனையவை புத்தக உறையாயின. அலமாரித் தட்டில் விரிப்பாயின. இங்லிஸ் தம் கட்டுரைக்குச் சட்டமிடத் தக்கது என்னும் பொருளில் தலைப்பிட்டது இதனால்தான். சட்டமிடப்பட்ட படம் திருமணமான மகளுடன் புக்ககம் சென்றது. வீடு பிரிந்தபோது பங்கிடப்பட்டது. எந்தப் படம் அடுத்த ஆண்டும் கேட்கப்பட்டதோ அதனை அச்சகம் மீண்டும் அச்சிட்டது. வீட்டின் தேர்வு ஓராண்டு பிந்தி அச்சகத்தை எட்டியது எனலாம்.

இப்பரவலின் சமூகப் பொருளைத் தெய்வப் பக்தி என்னும் பொதுச்சொல்லால் மூடிவிடுதல் போதாது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் 1897இல் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. கோயில் நுழைவை ஒட்டிய பகையே 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரத்துக்கும் வித்து. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்த சிறு குழுவில் தாழ்த்தப்பட்டோருடன் நாடார் ஒருவரும் இருந்தார். இதற்குப் பிந்தைய ஓரிரு பத்தாண்டுகளில், எச்சமூகத்தாருக்குக் கருவறைத் தோற்றம் வழக்காடு மன்றத்தால் மறுக்கப்பட்டதோ அச்சமூகத்தாரின் அச்சகங்கள் மீனாட்சி திருக்கல்யாணக் காட்சியை நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தன. கொண்டையராஜு வழியில் மிகுந்த புகழ்பெற்ற காட்சிகளில் இத்திருக்கல்யாணமும் ஒன்று. தங்கையின் கையைத் திருமால் தாரைவார்க்க, நாணி நிற்கும் மணமகளைப் பார்ப்பவர் கைக்கெட்டும் தொலைவில் நிறுத்துகிறது அப்படம். இதனைத் திட்டமிட்ட எதிர்ப்பு என்று கூறச் சான்றில்லை. அச்சகங்கள் வேளாங்கண்ணி மாதாவையும் மக்கா மசூதியையும் அதே முனைப்போடு அச்சிட்டன. ஆயினும் வாயிலில் நிறுத்தப்பட்டவர்களின் வீட்டுச்சுவரில் தெய்வம் குடியேறிய இந்நிகழ்வை விலைமலிவு ஒன்றால் மட்டும் விளக்கவும் இயலாது.

ஏறக்குறைய இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு வழி முயலப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே 1934இல் நியூயார்க்கில் ரீவ்ஸ் லூவென்தால் தொடங்கிய ‘அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ நிறுவனம், தாமஸ் ஹார்ட் பெண்டன், கிராண்ட் வுட் முதலிய ஓவியர்களின் கல்லச்சுப் படங்களை ஐந்து டாலருக்கு விற்றது. நடுத்தரக் குடும்பத்தார் பல்பொருள் அங்காடியில் வாங்கினர். ஓவியரே அச்சுக்கென வரைந்தார். படிகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும் ஓவியர் கையெழுத்திட்டார். ஆகவே ஒவ்வொரு படியும் ‘அசல் அச்சோவியம்’ என்னும் மதிப்பைப் பெற்றது. சிவகாசியில் இருந்ததும் அதே கல்தான். எண்ணிக்கையை வரையறுப்பதும் கையெழுத்தைத் தனித்தனியே இடுவதும் மட்டும் இல்லை. படி எத்தனை பெருகுகிறதோ அத்தனை நன்று என்பதே வணிகத்தின் நோக்கம். பூசைக்குரிய உருவத்தில் ‘இது இருநூற்றைம்பதில் ஒன்று’ என்பதற்குப் பொருளுமில்லை. இவ்வேறுபாட்டை ஓவியரின் அறியாமையாகக் காட்டும் எழுத்துகள் உண்டு. அது பொருத்தமான தீர்ப்பன்று. அமெரிக்க முறை சில ஆயிரம் நடுத்தரக் குடும்பங்களைச் சேகரிப்பாளர்களாக்கியது. சிவகாசி முறை கூலித்தொழிலாளியின் வீட்டையும் எட்டியது. எட்டியதற்கான விலையை ஓவியரே கொடுத்தார்.

உடைமையும் சட்டமும்

நாட்காட்டித் தொழிலின் பொதுவழக்கு ஒரேமுறைத் தொகை. படத்துக்கு ஒரு விலை பேசப்படும்; அத்தொகையுடன் தாளும் அதன்மேலுள்ள உருவமும் அச்சகத்தைச் சேரும். எத்தனை ஆயிரம் படிகள் அச்சிடப்பட்டாலும் ஓவியருக்கு மேலும் பங்கில்லை. ஒரு நிறுவனத்தின் படத்தை மற்றொன்று சிறு மாற்றத்துடன் எடுத்தாண்டபோதும் இழப்பீடு கேட்கும் நிலையில் ஓவியர் இருந்ததில்லை. இதனை வெறும் சுரண்டல் என்று மதிப்பிடுவதற்குமுன் சட்டத்தின் போக்கைக் காணுதல் வேண்டும்.

விடுதலைக்கு முன்பு நடைமுறையிலிருந்தது, 1911ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தைத் தழுவிய 1914ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். அதன்படி செதுக்கச்சு, ஒளிப்படம், உருவப்படம் ஆகிய மூன்றையும் ஒருவர் பணம்கொடுத்துச் செய்வித்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து அவரே முதல் உரிமையாளர். ஏனைய ஓவியங்கள் இவ்விலக்கில் அடங்கவில்லை. முருகனும் மீனாட்சியும் சட்டத்தின் பொருளில் உருவப்படம் ஆவார்களா என்று எவரும் வழக்காடியதாகத் தெரியவில்லை. ஆகார் என்று கொள்வதே இயல்பு. எனில், ஊதியப் பணியாளராக இல்லாத ஓவியர் அக்காலத்தில் ஆணைப்படி எழுதிய தெய்வப்படத்தின் பதிப்புரிமை, எழுத்துமூலம் மாற்றித் தரப்படாதவரை, அவரிடமே இருந்திருக்க வேண்டும்.

1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்த 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதனை மாற்றியது. அதன் 17ஆம் பிரிவு, ஒளிப்படம், உருவப்படம் என்பவற்றோடு ‘ஓவியம்’ என்னும் சொல்லையும் சேர்த்தது. ஒருவர் வேண்டுகோளின்பேரில், மதிப்புடைய கைம்மாறு பெற்று எழுதப்படும் ஓவியத்தின் முதல் உரிமையாளர், மாறான உடன்படிக்கை இல்லையெனில், எழுதுவித்தவரே. விடுதலை பெற்ற நாட்டின் முதல் பதிப்புரிமைச் சட்டம், எழுத்தாளருக்கும் இசையமைப்பாளருக்கும் பாதுகாப்பு என்று பேசப்பட்ட அதே சட்டம், ஆணைக்கு வரையும் ஓவியரின் உரிமையை ஒரு சொல்லால் குறைத்தது. கொண்டையராஜு வழியினரின் வளமான ஆண்டுகள் இம்மாற்றத்தின் இருபுறமும் அமைந்தவை. ஒப்பந்தமே எழுதாத ஒரு தொழிலில் ‘மாறான உடன்படிக்கை’ எங்கிருந்து வரும்?

இச்சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 53அ என்னும் பிரிவைச் சேர்த்தது. மூலஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலைக்கு மறுவிற்பனையானால், விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேற்படாத ஒரு பங்கை ஓவியரோ அவருடைய வழித்தோன்றல்களோ பெறலாம். பதிப்புரிமையை முன்பே விற்றுவிட்டிருந்தாலும் இப்பங்கு நிலைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அவ்வோவியர் 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளராக இருந்திருத்தல் வேண்டும். காட்சிக்கூடத்துக்காகத் தாமே வரைந்து விற்ற நகர ஓவியருக்கு இப்பங்கு கிட்டும். அச்சகம் சொன்னபடி வரைந்த நாட்காட்டி ஓவியருக்குக் கிட்டாது. இரு படங்களும் ஒரே ஏலத்தில், ஒரே விலைக்குப் போனாலும் நிலை இதுவே. எஞ்சுவது 57ஆம் பிரிவு மட்டுமே. ஆக்கியவர் தாம் என்று உரிமைகோருவதற்கும், தம் பெயருக்கு இழுக்குத் தரும் சிதைவைத் தடுப்பதற்கும் அது இடந்தருகிறது. முகத்தை வெட்டி ஒட்டுவது வழக்கமான தொழிலில் இப்பிரிவு எத்தகைய படைக்கலமாக இருந்திருக்கும் என்பது எண்ணத்தக்கது, எடுத்தவர் இலர்.

சோழமண்டலம்: மற்றொரு வழி

சென்னையில் இதே சிக்கல் வேறுவகையாக எதிர்கொள்ளப்பட்டது. அரசு கலைத்தொழிற் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), படித்து வெளியேறும் மாணவர்கள் ஓவியத்தால் பிழைக்க இயலாமையைக் கண்டு, பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களைச் செய்து விற்கும் சங்கமொன்றை 1963இல் அமைத்தார். அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் ஓவியர் சிற்றூர் உருவாயிற்று. ஓவியத்தை மலிவாக்குவதற்குப் பதிலாக, ஓவியரின் சோற்றுக்கு வேறு வழி தேடியது அத்திட்டம். வீட்டுக்கு வாங்கத்தக்கது பாத்திக் துணி. ஓவியம் விற்கும்வரை காத்திருக்கலாம். அசல் ஓவியரிடமே இருந்தது; உரிமையும் இருந்தது. ஆனால் விருதுநகர்ச் சந்தையில் மிளகாய் விற்ற கமிஷன்கடைக்காரருக்கோ கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையின் கணக்கருக்கோ அவ்வோவியம் எட்டவில்லை. தென்மாவட்டத்து வாசகர் நவீன ஓவியரின் கோட்டினை முதலில் கண்டது காட்சிக்கூடத்தில் அன்று, சிற்றிதழ்களின் அட்டையிலும் வார இதழ்களிலுமே. இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு கே. எம். ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்கள் அவ்வகையின. மறுபடியும் அச்சே வாயிலாயிற்று.

அசலைத் தேடும் புதிய சேகரிப்பாளர்

கணினி வரைகலை வந்தபின் சிவகாசி அச்சகங்களுக்குப் புதிய ஓவியம் வேண்டுவது அருகியது. இருக்கும் உருவங்களைத் திரையில் கலந்து ஆயிரம் வகை செய்யலாம். கையால் எழுதும் ஓவியருக்கு ஆணை குறைந்த அதே காலத்தில், பழைய அசல்களுக்கு வேறிடத்தில் மதிப்பு ஏறியது. மலிவுப்பொருள் என ஒதுக்கப்பட்டதை அருங்காட்சியகங்களும் ஆய்வாளர்களும் தேடத் தொடங்கியபின் சந்தை பின்தொடர்ந்தது. அச்சக அறையில் மூட்டையாகக் கிடந்த அட்டைகள் விலைப்பொருளாயின.

இளம் ஓவியரின் அசலை எளிய விலைக்கு நேரடியாக வாங்கச் செய்யும் முயற்சிகளும் இக்காலத்தன. இலண்டனில் வில் ராம்சே 1999இல் தொடங்கிய எளியவிலை ஓவியச் சந்தை பல நாடுகளுக்குப் பரவியது. பெங்களூருவில் கர்நாடகச் சித்திரகலா பரிஷத் ஆண்டுக்கொரு நாள் தெருவையே கடையாக்கி நடத்தும் ‘சித்ர சந்தை’யில் ஓவியர் தம் படத்தின் அருகிலேயே நின்று விலை சொல்கிறார், குடும்பத்தோடு வரும் மக்கள் பேரம்பேசி வாங்கிச் செல்கின்றனர். நூறாண்டுக்கு முன் ஜமீன்தாருக்கு மட்டும் வாய்த்திருந்த நேர்முகம் அங்கு எவருக்கும் வாய்க்கிறது. நாட்காட்டிக்கு நாடு முழுவதும் முகவர்களை அனுப்பும் சிவகாசியில் அத்தகைய சந்தை வேரூன்றவில்லை. படம் என்பது இலவசமாகக் கிடைக்கும் பொருள் என்று மூன்று தலைமுறைகளுக்குப் பழக்கிய ஊர் அது என்பதையும் இங்குக் கருதவேண்டும்.

கோவில்பட்டி ஓவியர்களின் அசல்களைப் பொறுத்தவரை காலவரம்பு ஒன்று உண்டு. 1992ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் பதிப்புரிமை, ஆக்கியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். கொண்டையராஜு தனித்து எழுதியவற்றுக்கு அது 2036ஆம் ஆண்டின் இறுதியோடு முடியும்; மறுவிற்பனைப் பங்கும் அத்துடன் அற்றுப்போகும். இருவர் பெயரும் பொறித்த படங்கள் கூட்டாக்கம் எனக் கொள்ளப்பட்டால், இருவரில் பின்னர் மறைந்தவரின் ஆண்டிலிருந்து கணக்கு தொடங்கும். மாணவர் பெயரையும் எழுத ஆசான் இசைந்த செயல் இங்கு சட்டப் பொருளும் பெறுகிறது. ஆனால் வழித்தோன்றல்கள் பங்கு கோருவதற்குமுன் நிறுவவேண்டியது, ஒவ்வொரு படமும் ஆணையின்பேரில் எழுதப்பட்டதா அல்லது எழுதி வைத்திருந்ததை அச்சகம் வாங்கியதா என்பது. ஒப்பந்தத் தாள் இல்லாத நிலையில் அதற்குச் சான்றாகக்கூடியவை அச்சகங்களின் பழைய பேரேடுகளே. அவற்றில் ஓவியர் பெயருக்கு நேரே ‘படம் எழுத’ என்று பற்று வைக்கப்பட்டதா, ‘படம் வாங்க’ என்று வைக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே அவ்வுரிமை நிற்கும். அவ்வேடுகள் நாட்காட்டியைப்போலவே ஆண்டு முடிந்ததும் கழிக்கப்படும் தாள்கள்.